மொட்டைமாடி வழக்கு

மின்சாரம் போனது இரவு எட்டேமுக்காலுக்கு. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தோம். அதற்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும்தான் உழைக்கும். வீட்டு ஃபேனைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால், எங்களுக்கு முன்பே பாதிக் குடித்தனம் அங்கே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் ஐந்து பேர். எங்களோடு தங்கியிருந்த என் தாய்மாமா. சிமெண்ட் ஆலை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள். கல்லூரி இரண்டாம் ஆண்டு, உலகத்தைத் திருத்தும் வயது. இரண்டாம் மாடி டிரைவர் அண்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறார். தரைத்தளத்து அக்கா, மடியில் தூங்கும் பையனோடு. அப்புறம் நான்.

பேச்சை ஆரம்பித்தது மாமாதான். துண்டால் விசிறிக்கொண்டே, "முன்னெல்லாம் இப்படியா புழுங்குச்சு? எல்லாம் அந்த ஓசோன்ல விழுந்த ஓட்டை பண்ற வேலை" என்றார்.

"தாத்தா, ஓசோன் வேற, இது வேற."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. அவ்வளவுதான், அடுத்த இரண்டு மணி நேரம் அங்கே ஒரு வழக்கு நடந்தது. யார் வாதி, யார் பிரதிவாதி என்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது.

ஓசோன் குழப்பம் மாமாவுக்கு மட்டும் உரியதல்ல. நன்றாகப் படித்தவர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற திரை. பூமி சூடாவது வேறு விவகாரம். சூரிய ஒளி உள்ளே வந்துவிடுகிறது. சூடான தரை திருப்பி அனுப்பும் வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்து வைத்துக்கொள்கிறது. இதுவும் நேற்று முளைத்த கருத்து இல்லை. 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது; ஆறுவதற்கும் அதுதான் அதிக நேரம் எடுத்தது. 1896-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்கே போட்டுவிட்டார். மாமாவின் தாத்தா தவழ்ந்துகொண்டிருந்திருக்கக்கூடிய காலம் அது.

மாமா விடவில்லை. "பூமின்னா சூடாகும், குளிரும். பனியுகம் வரலையா, போகலையா? ஒரு எரிமலை விடாத புகையையா நாம விட்டுட்டோம்?"

இதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடும் கரியமில வாயு, நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து விடுவதில் நூற்றில் இரண்டு பங்குகூட வராது. நம்முடையது வருடத்துக்கு 3,700 கோடி டன்னுக்குக் குறையாது. காற்றில் சேர்ந்திருக்கும் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கைரேகை உண்டு. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்று கார்பனின் ஓர் அபூர்வ வகை இருக்கும்; உயிர் போன பிறகு அது காலப்போக்கில் சிதைந்துபோகும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிச்சமே இல்லை. அவற்றை எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப்போகிறது. அதை 1950-களிலேயே அளந்துவிட்டார்கள்.

மாமா கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் டிரைவர் அண்ணன் வாயைத் திறந்தார். "எனக்கு ஒரு சந்தேகம்மா. ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டு ஓட்டினா, நீ சொல்ற அந்த வாயு எவ்வளவு வரும்?"

"ரெண்டு கிலோவுக்கு மேல வரும்ணா. 2.3 கிலோ."

அண்ணன் சிரித்துவிட்டார். "சும்மா அடிச்சு விடாதம்மா. பெட்ரோல் தண்ணியைவிட லேசு. ஒரு லிட்டரே முக்கால் கிலோதான் இருக்கும். முக்கால் கிலோ உள்ள போயி ரெண்டு கிலோ எப்படி வெளிய வரும்?"

நியாயமான கேள்வி. சொல்லப்போனால் அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே ஆகச் சிறந்த கேள்வி. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அக்கா மகள் எழுந்து போய், பிள்ளைகள் கட்டம் போட்டு விளையாடிவிட்டு விட்டுப்போன சாக்பீஸ் துண்டை எடுத்து வந்தாள். அண்ணன் செல்போன் டார்ச்சை அடித்தார். தரையில் 12 என்று எழுதி, பக்கத்தில் இரண்டு முறை 16 எழுதினாள்.

"பெட்ரோல்ல பெரும்பகுதி கார்பன். கார்பன் ஒண்ணு, எடை 12. எரியறதுன்னா என்ன? காத்துல இருக்கிற ஆக்சிஜன் ரெண்டு அதோட வந்து ஒட்டிக்கறது. ஒவ்வொண்ணும் 16. மொத்தம் எவ்வளவு?"

"44."

"12 உள்ள போச்சு, 44 ஆகி வெளிய வருது. மிச்ச எடை காத்தோடது. நீங்க பம்புல காசு குடுக்காத எடை."

அண்ணன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனக்கணக்குப் போட ஆரம்பித்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர். அப்படியானால் இருபத்தேழு, இருபத்தெட்டு கிலோ.

"ஒரு மூட்டை" என்றார். "தினம் ஒரு மூட்டை குப்பையை நான் தெருவுல கொட்டிட்டு வந்தா யாராவது விடுவாங்களா? இது கண்ணுக்குத் தெரியல, அதனால விட்டுட்டாங்க."

ஒரு மூச்சு விட்டு, குரல் கொஞ்சம் ஏறி, அவரே தொடர்ந்தார்: "ஆனா அந்த மூட்டை யாரோடது? ஓட்டுற என்னோடதா? பின்னாடி உக்காந்து வர்றவங்களோடதா? ராத்திரி பதினோரு மணிக்கு பஸ் விடாம இருக்காங்களே, அவங்களோடதா? நான் ஓட்டலைன்னா நாளைக்கு இன்னொருத்தன் ஓட்டுவான். மூட்டை அப்படியேதான் விழும்."

இந்த விஷயத்தில் நான் படித்த கட்டுரைகளில் பாதி, இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன. அவை எடுத்துக்கொள்ளும் பக்கங்கள்தான் கூடுதல்.

"அண்ணா, இதுக்கெல்லாம் நீங்க குற்றவாளியே இல்ல" என்றாள் அவள். 1988-இலிருந்து வெளியான, பூமியைச் சூடாக்கும் தொழில்துறைப் பசுமைக்குடில் வாயுக்களில் 71 சதவீதத்துக்கு நூறே நூறு எரிபொருள் உற்பத்தியாளர்கள்தான் மூலம் என்று 2017-இல் வந்த அறிக்கையை எடுத்துவிட்டாள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு தோண்டுகிறவர்கள். அந்தப் பட்டியலில் தனியார் மட்டுமல்ல, அரசு நிறுவனங்களும் உண்டு. "அவங்களை விட்டுட்டு உங்களை எதுக்குக் கேட்கணும்? அவங்கதான் பண்ணினாங்க. அப்புறம் இந்த சிமெண்ட் கம்பெனிங்க, அதுங்க மட்டுமே உலகத்தோட கரியமில வாயுல நூத்துக்கு ஏழு எட்டு விடுது."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். கீழே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கல்லைச் சுட்டா கல்லுல பாதி காத்தாப் போயிடும்" என்றார் மாமா, ரொம்ப மெதுவாக. "எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அந்தக் கணக்கைத்தானே எழுதினேன். நூறு டன் சுண்ணாம்புக்கல் உள்ள போனா அறுபது டன் வெளிய வராது. போனது எங்க போச்சுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. சுடுறதுல கழிவுன்னு ஒரு வரி, அதுல எழுதிட்டுப் போயிடுவோம். அந்தச் சம்பளத்துலதான் உங்க பாட்டிக்கு மருந்து வாங்கினது. உங்க அம்மா காலேஜ் ஃபீஸ் கட்டினது. நீ உக்காந்திருக்கியே இந்த மாடி, இதுவும் சிமெண்ட்தான்."

அவர் சொன்ன வேதியியல் துல்லியமானது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது நூறு கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும். சிமெண்ட் ஆலையின் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்தே வருவது. சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் அந்தப் பங்கு குறையாது. இது பற்றிப் பேசும் பலருக்குத் தெரியாத இந்த உண்மை, எரிமலையைச் சாட்சிக்குக் கூப்பிட்ட என் மாமாவுக்கு முப்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவருக்கு எரிமலை ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காலநிலை பற்றி வீட்டிலும் வேலையிடத்திலும் ரயிலிலும் எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். அவற்றில் முக்கால்வாசி அறிவியல் சண்டையே இல்லை. பழி யார் தலையில் விழப்போகிறது என்கிற சண்டை. தமிழில் பழி என்று ஒரு சொல்லும் பொறுப்பு என்று ஒரு சொல்லும் தனித்தனியாக இருக்கின்றன; பேசும்போது மட்டும் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பழி பின்னால் திரும்பிப் பார்க்கும். யார் செய்தது என்று கேட்கும். அதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும், மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடலாம். பொறுப்பு கேட்பது, இப்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று. அந்தக் கேள்விக்கு ஒரே ஓர் ஆளைக் காட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது; அதே சமயம் அதைக் கேட்பதற்கு யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதும் இல்லை. மாமாவைக் கூண்டில் ஏற்றினோம், அவர் எரிமலையைக் காட்டினார். என்னை ஏற்றியிருந்தால் நானும் ஏதாவது மலையைத் தேடியிருப்பேன்.

அக்கா மகள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. தனிமனிதப் பொறுப்பு என்ற பேச்சையே பெரிய கைகள் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன என்பதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1953-இல், குளிர்பானப் புட்டி, டப்பா தயாரிக்கும் நிறுவனங்கள் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. குடித்த புட்டியைத் திருப்பி வாங்கிக் கழுவிப் பயன்படுத்திய காலம் போய், தூக்கி எறியும் டப்பா வந்துகொண்டிருந்த நேரம். 1971-இல் அந்த அமைப்பின் விளம்பரத்தில் பழங்குடி வேடத்தில் ஒருவர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். மாசைத் தொடங்குவது மக்கள், நிறுத்தக்கூடியவர்களும் மக்களே என்று முடியும். நடித்தவர் இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது பின்னால் தெரிந்தது. டப்பா செய்தவரைப் பற்றி விளம்பரத்தில் பேச்சே இல்லை. ஒருவரால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கணக்கை 'கார்பன் தடம்' என்று இன்று நாம் சரளமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லை வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததில் எண்ணெய் நிறுவனமான பிபி-க்குப் பெரும்பங்கு உண்டு. உங்கள் தடம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ள 2004-இல் இணையத்தில் ஒரு கணிப்பானையே வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் எடுப்பவர் நம் கையில் தராசைக் கொடுத்து, உன்னை நிறுத்துப் பார் என்கிறார். ஆத்திரம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த 71 சதவீதத்துக்குள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு, தோண்டும் இடத்தில் வந்த வாயு அல்ல. தோண்டியதை விற்ற பிறகு வாங்கியவர்கள் எரித்ததால் வந்தது. அதாவது டிரைவர் அண்ணனின் மூட்டை அந்தக் கணக்கிலும் இருக்கிறது, அவர் கணக்கிலும் இருக்கிறது, பின் சீட்டில் உட்கார்ந்து போன என் கணக்கிலும் இருக்கிறது. ஒரே மூட்டைக்கு மூன்று சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே எடை ஆட்களும் இல்லை. வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பான ஆக்ஸ்ஃபாம் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு: உலகில் வருமானத்தில் மேலே இருக்கும் பத்து சதவீதம் பேர்தான் வெளியேறும் வாயுவில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கீழ்ப்பாதி மக்கள் எல்லாரும் சேர்ந்தாலும் பத்து சதவீதம் அளவுதான். விமானத்தில் ஜன்னல் சீட் கேட்டு வாங்குகிற நான் எந்தப் பக்கம் என்று யோசிக்க எனக்குக் கணிப்பான் தேவைப்படவில்லை.

அன்றைக்கு இதை எல்லாம் இவ்வளவு ஒழுங்காக யாரும் பேசவில்லை. நடுவில் என் மானம்தான் கப்பலேறியது. மாமாவைச் சமாதானப்படுத்த நினைத்த அக்கா மகள், பேச்சை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"சித்தி வீட்டுக் கதவுக்குப் பின்னாடி எத்தனை துணிப்பை தொங்குது தெரியுமா? எண்ணிட்டேன். பதினேழு."

உண்மைதான். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒன்று கொடுக்கிறார்கள். கடைக்குப் போகும்போது எடுத்துப்போக மறந்துவிட்டு இன்னொன்று வாங்குகிறேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பூமியைச் சூடாக்குவதில் அது குறைந்ததாகும். பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், நெய்ய மின்சாரம் எல்லாம் சேருகிறது அல்லவா? பதினேழு பை, 131 முறை, வாரம் ஒரு தடவை கடை என்று அவள் போனில் தட்டினாள். 42 வருடத்துக்கு மேல் வந்தது.

மாமா சிரித்தார். அன்று இரவு முதல்முறையாக.

(என் தரப்பு வாதத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். அந்த 131 வெப்பக் கணக்கு மட்டும்தான். சாக்கடையை அடைப்பதும் கடலில் மிதப்பதும் அதில் வராது. பையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பதினெட்டாவது பையை வாங்காமல் இருந்தால் போதும்.)

அடுத்த அடி மாமாவுக்கு விழுந்தது. அவர் செல்போன் சார்ஜரை வேலை முடிந்தவுடன் பிளக்கிலிருந்து உருவிவிடுவார். மற்றவர்கள் உருவாவிட்டால் திட்டுவார். ஏசி-யை மட்டும் 18-இல் வைத்துக்கொண்டு கம்பளி போர்த்திக்கொள்வார். சும்மா சொருகி வைத்த இந்தக் காலத்துச் சார்ஜர் வருடம் முழுக்கக் குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு யூனிட். அவருடைய ஏசி அதை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். "ஒரு வருஷம் உருவினது ஒரு மணி நேரத்துல போச்சு" என்று டிரைவர் அண்ணன் சொன்னபோது மாமாவுக்கே கோபம் வரவில்லை.

கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால், இது முக்கியமான இடம். கண்ணில் படுகிறதை, கைக்கு எட்டுகிறதை, வலிக்காததை நாம் செய்கிறோம். செய்துவிட்டு மனதில் ஒரு வரவு எழுதிக்கொள்கிறோம். எது எவ்வளவு என்ற அளவு பிடிபடுவதில்லை. பத்து நிமிடம் அளவைப் பற்றிப் பேசினால் பத்து வருடம் சார்ஜர் உருவுவது மிச்சம்.

அளவு என்றதும் எனக்கு 2020 ஞாபகம் வருகிறது. உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த வருடம். சாலை காலி, விமானம் தரையில், அலுவலகம் பூட்டு. தனிமனிதர்கள் எல்லாரும் சேர்ந்து, பயத்தினால்தான் என்றாலும், இதைவிட அதிகமாக விட்டுக்கொடுக்க முடியாது என்கிற அளவுக்கு விட்டுக்கொடுத்த நாட்கள். ஏப்ரல் தொடக்கத்தில், உலகின் தினசரிக் கரியமில வாயு முந்தைய ஆண்டின் சராசரியைவிட 17 சதவீதம் குறைந்தது. வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து, ஆறு சதவீதம்தான். மீதி 83 பங்கு நாம் வீட்டில் படுத்திருந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது: மின் நிலையம், உருக்காலை, மாமாவின் சூளை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்துகொண்டிருக்கிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு, எல்லாரும் அடங்கிக் கிடந்த 2020 மே மாதத்தில் 417-ஐத் தொட்டு, அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. குழாயைக் கொஞ்சம் திருகினோம். தொட்டி நிறைவது நிற்கவில்லை.

இதை மாமாவிடம் சொன்னபோது, "பாத்தியா, நாம என்ன பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அக்கா மகள், "பாத்தீங்களா, கம்பெனியும் கவர்மெண்டும் மாறணும்" என்றாள். ஒரே எண்ணை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டார்கள். எனக்குத் தோன்றியது வேறு. வீட்டில் முடங்கிக் கிடப்பது என்பது வாழ்க்கையை நிறுத்திவைப்பது. எதையும் மாற்றி அமைப்பது அல்ல. நாம் நின்றோம், நம்மைச் சுற்றியிருந்த இயந்திரம் அதே நிலக்கரியில் ஓடியது. அதை மாற்றுவது தனி வேலை.

அந்த வேலை நடந்த உதாரணங்கள் இருக்கின்றன. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை ஒரு புகைமூட்டம் மூடியது. கடும் குளிர், காற்று அசையவில்லை. ஆலைகளும் மின் நிலையங்களும் கரியை எரிக்க, லட்சக்கணக்கான வீடுகளும் கணப்பில் நிலக்கரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அப்போது சொன்ன சாவு எண்ணிக்கை நாலாயிரம். பிற்கால ஆய்வுகள் அதைப் பன்னிரண்டாயிரம் வரை கொண்டுபோயின. அங்கே பழி யார்மேல்? குளிருக்குக் கணப்பு மூட்டிய கிழவி மேலா? 1956-இல் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் புகை விடும் கரி கூடாது என்றார்கள். அதோடு, வீட்டுக் கணப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியையும் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நிறுத்து என்று சொன்னவர்கள் மாற்று வழியையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓசோன் கதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. ஸ்பிரே டப்பாக்களிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் ஓசோனைத் தின்னும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் ஜனங்கள் ஸ்பிரே டப்பா வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். விற்பனை சரிந்தது. சந்தை சரிந்த பிறகு சட்டம் போடுவது சுலபமாக இருந்தது. 1978-இல் பெரும்பாலான ஸ்பிரேக்களில் தடை வந்தது. 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டையைக் கண்டார்கள். 1987-இல், இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்டுக்கொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை. ஒரு வீட்டுக் குளியலறையில் வாங்காமல் விட்ட டப்பா தனியாக ஓசோனைக் காப்பாற்றவில்லை. ஆனால் அது ஒரு சமிக்ஞை. வாங்க மாட்டோம் என்று இத்தனை பேர் சொல்கிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்கு எட்டிய சத்தம்.

மாமாவுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. "அப்ப நான் ஓசோன்னு ஆரம்பிச்சது தப்பில்ல" என்றார்.

மணி பத்தரை இருக்கும். அதுவரை தரைத்தளத்து அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் தூக்கத்தில் இருமினான். அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க பேசுறது எனக்குப் பாதி புரியல. இந்த ஜெனரேட்டர் குழாய் எங்க பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா இருக்கு. கரண்ட் போனா புகை பூரா உள்ள வருது. அதனாலதான் இவனைத் தூக்கிட்டு மேல வந்தேன். மூணு தடவை அசோசியேஷன்ல சொல்லிட்டேன்."

இரண்டு மணி நேரம். எரிமலை, அண்டார்டிகா, ஹவாய், லண்டன் எல்லாம் போய்வந்தோம். அந்த இரண்டு மணி நேரமும் கீழே ஓடிய அந்த ஜெனரேட்டரின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கரியமில வாயுவும் இந்தப் புகையும் ஒரே குழாயில் வந்தாலும் குணம் வேறு. கரியமில வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இன்று விட்டதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் மேலேயே நிற்கும். டீசல் புகையின் நுண்துகளோ சில நாட்களில், ஒரு மழையில் இறங்கிவிடும். ஆனால் அதற்குள் நுரையீரலுக்குள் போய்விடும். பிஎம் 2.5 என்கிறார்களே, அது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. காலநிலைக் கணக்கில் எங்கள் ஜெனரேட்டர் ஒரு தூசு. அந்தப் பையனின் நெஞ்சுக் கணக்கில் அப்படி இல்லை. அவன் அம்மா யார் குற்றவாளி என்று கேட்கவும் இல்லை. குழாயைத் திருப்பச் சொல்லித்தான் கேட்டார், மூன்று தடவை.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தில் ஏசி-கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டையைச் செருமின. அவரவர் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம்.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்துக்கு மாமா போனார். குடியிருப்பவர் அல்ல, விருந்தாளி; ஆனாலும் போய்ப் பேசினார். டிரைவர் அண்ணனும் பேசினார். நான் துணைக்குப் போய்க் கைதூக்கினேன். இரண்டு வாரத்தில் புகைக்குழாயை ஜன்னலுக்கு எதிரிலிருந்து எடுத்து, சுவரோடு சுவராக ஏற்றி மொட்டைமாடி உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். தரைத்தளத்து அக்கா வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் மறுபடி மின்சாரம் போனது. பாயோடு மாடிக்குப் போனோம். காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. இப்போது புகை முழுவதும் மொட்டைமாடிக்கு வருகிறது. ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை.

இறங்கி வந்த மாமா மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல், செலவு. லிஃப்டுக்கு பேட்டரி இன்வெர்ட்டர் வைத்தால் எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று அசோசியேஷனுக்குக் காட்ட வேண்டுமாம். செலவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டு, தலைப்பு எழுதாமல் விட்டிருந்தார்.

"அவளுக்கு ஒரு போன் போடும்மா" என்றார். "பெட்ரோலுக்கு 2.3-ன்னு சொன்னா. டீசலுக்கு எவ்வளவுன்னு கேளு."

கேட்டேன். 2.7 கிலோ என்றாள். மாமா தலைப்பு இல்லாத கட்டத்தில் எழுதிக்கொண்டார்.